‘ஏன்னு தெரியாது, ஆனா இதைப் போட்டா ஓடும்’: த்ரெட் பக்குகளுக்கான மாற்றுவழிகளை எழுதி வைப்பது ஏன் முக்கியம்?

மேக்புக்கில் பைத்தானோ ரூபியோ எழுதும் வேலையில் இருக்கிறீர்களா? உங்கள் டெர்மினலின் செட்டிங்ஸ் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். ‘ஓபிஜேசி டிஸேபிள் இனிஷியலைஸ் ஃபோர்க் சேஃப்டி’ என்ற நீளமான பெயரும், அதற்கு எதிரே ‘யெஸ்’ என்ற ஒரு சொல்லும் அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

யார் போட்டது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. டீமில் சேர்ந்த அன்று சீனியர் ஒருவர் அனுப்பிய செட்டப் குறிப்பில் இருந்திருக்கும். அவருக்கு அவருடைய சீனியர் அனுப்பியிருப்பார். “ஏன்னு தெரியாது, ஆனா இதைப் போட்டா ஓடும்” என்பதுதான் அதோடு சேர்ந்து வந்த ஒரே விளக்கம்.

அந்த வரி எந்தப் பிழையையும் சரிசெய்வதில்லை. ஆபத்து இருக்கிறது என்று ஆபரேட்டிங் சிஸ்டம் எழுப்பும் எச்சரிக்கையை அணைத்து வைக்கிறது, அவ்வளவுதான். 2017-ல் ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக வந்த விஷயம் இது. காரணம் எழுதப்படாமல் போனதால், வரி மட்டும் லேப்டாப் விட்டு லேப்டாப் தாவிக்கொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட வரிகளைத்தான் மென்பொருள் உலகில் ‘ஒர்க்அரவுண்ட்’ என்கிறார்கள். பிழையின் மூலத்தைத் தொட முடியாதபோது அதைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுவழி. ஓப்பன் சோர்ஸ் மென்பொருட்களில் இவை ஏராளம். அவற்றிலும் ‘த்ரெட்’ தொடர்பான மாற்றுவழிகள் தனி ரகம். ஏன் என்று புரிய, முதலில் த்ரெட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

பீர்மேடு மழையும் ஒரு சிலேட்டும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலை ஊர் பீர்மேடு. தோட்டத்தில் கொழுந்து எடை போடும் இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு கணக்கப்பிள்ளைகள், இரண்டு தராசு, ஆனால் எடையைக் குறிக்க ஒரே ஒரு சிலேட்டு. முதலாமவர் ஒரு தொழிலாளியின் எடையைச் சிலேட்டில் எழுதுகிறார். அதைப் பேரேட்டில் ஏற்றத் திரும்புவதற்குள் இரண்டாமவர் அழித்துவிட்டு வேறொருவரின் எடையை எழுதிவிடுகிறார். முதலாமவர் சிலேட்டைப் பார்த்து ஏற்றுகிறார். முதல் தொழிலாளியின் பெயருக்கு நேரே இரண்டாவது தொழிலாளியின் எடை.

யாரும் தப்பு செய்யவில்லை. எண்ணும் பொய்யான எண் இல்லை. ஆனால் ஒருவரின் கூலியில் கைவைத்தாகிவிட்டது.

ஒரு புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகள்தான் த்ரெட்கள். அவை எல்லாமே ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்கின்றன, அந்தச் சிலேட்டைப் போல. ஒரு ஃபங்ஷனை எத்தனை த்ரெட் ஒரே நேரத்தில் அழைத்தாலும் சரியான விடை வரும் என்றால் அது ‘த்ரெட் சேஃப்’. இல்லையென்றால் இல்லை.

சி மொழியில் ‘லோக்கல்டைம்’ என்று ஒரு பழைய ஃபங்ஷன் இருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் விநாடி எண்ணை வருடம், மாதம், நாள், மணி என்று பிரித்துத் தருவது இதன் வேலை. விடையை எங்கே வைக்கும்? மொத்த புரோகிராமுக்கும் பொதுவான ஒரே இடத்தில். அதே சிலேட்டு. இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் கேட்டால், ஒன்றுக்கு மற்றொன்றின் நேரம் கிடைக்கலாம்.

இது தெரிந்துதான் 1995-ல் யூனிக்ஸ் உலகுக்கான போசிக்ஸ் தர விதிகளில் த்ரெட்களைச் சேர்த்தபோது, இதே ஃபங்ஷனுக்கு ‘_ஆர்’ என்று முடியும் இன்னொரு வடிவத்தையும் கொடுத்தார்கள். அதில் அழைப்பவரே தன் சிலேட்டைக் கொண்டுவர வேண்டும். பழையதை நீக்கவில்லை. நீக்கினால் அதுவரை எழுதிய புரோகிராம்கள் நின்றுவிடும். லினக்ஸில் இன்று அந்த ஃபங்ஷனின் கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால், பல த்ரெட்கள் சேர்ந்து பயன்படுத்தப் பாதுகாப்பற்றது என்று ஒரு அட்டவணையில் எழுதியிருப்பார்கள். எந்தெந்தக் காரணத்தால் என்பதும் அதே கட்டத்தில் இருக்கும். அந்த அட்டவணை வரை கீழே இறங்கிப் படிப்பவர்கள் குறைவு என்பது வேறு கதை.

‘டோட்டல் சரியாத்தானே வருது?’

பீர்மேடை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளம் பற்றிய மத்திய நீர் ஆணைய அறிக்கையின்படி, ஆகஸ்ட் 15 முதல் 17 வரை கேரளத்தைப் புரட்டிப்போட்ட மழையின் மையம் பீர்மேடு. அந்த அறிக்கை அதை ஒப்பிடுவது 1924 ஜூலை பெருமழையோடு. அதன் மையம் தேவிகுளம். தமிழக எல்லைப் போராட்டப் பேச்சில் எப்போதும் ஜோடியாகவே வரும் இரண்டு பெயர்கள், மழை வரலாற்றிலும் ஜோடியாகவே வருகின்றன.

இந்த மழையை ஒருவர் தரவு வைத்து ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாசாவின் ஐமெர்க் செயற்கைக்கோள் தரவு அரை மணி நேரத்துக்கு ஒன்றாக, சர்வதேச நேரத்தில் கிடைக்கிறது. இந்திய வானிலைத் துறைக்கோ ஒரு ‘மழை நாள்’ என்பது காலை 8.30-க்கு முடியும் 24 மணி நேரம். இரண்டையும் ஒப்பிட, ஒவ்வொரு அரை மணியையும் இந்திய நேரத்துக்கு மாற்றி, 8.30-ல் வெட்டிக் கூட்ட வேண்டும்.

வருடக்கணக்கான தரவு என்பதால் வேகத்துக்காக வேலையைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். நேர மண்டலத்தை மாற்ற, புரோகிராம் முழுமைக்கும் பொதுவான ‘டிஇசட்’ என்ற சூழல் மாறியில் இந்திய நேரத்தைப் போடுகிறார். அதே புரோகிராமில் வேறொரு த்ரெட், வேறொரு வேலைக்காக அதையே சர்வதேச நேரத்துக்கு மாற்றிவிடுகிறது. சில நொடிகளுக்குத்தான். அந்த நொடிகளில் கணக்கிடப்பட்ட நாட்களில் 8.30 என்பது சர்வதேச நேர 8.30 ஆகிவிடும். நம் நேரப்படி அது மதியம் 2 மணி. காலை 8.30 முதல் மதியம் 2 வரை பெய்த ஐந்தரை மணி நேர மழை, முந்தைய நாள் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

இதில் பயங்கரமான விஷயம், புரோகிராம் கிராஷ் ஆகாது. எர்ரர் வராது. மாத மொத்தமும் கிட்டத்தட்ட சரியாகவே வரும். தப்பு இருப்பது தினசரி எண்ணில் மட்டும். ஆனால் ஒரு நாளில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் அதை ‘அதி கனமழை’ என்று வகைப்படுத்துகிறார்கள். எந்த நாள் தாண்டியது, எந்த நாள் தாண்டவில்லை என்பதுதானே செய்தி? மறுபடி ஓட்டிப் பார்த்தால் விடை சரியாக வந்துவிடலாம், ஏனென்றால் த்ரெட்கள் மோதிக்கொள்ளும் வரிசை ஒவ்வொரு முறையும் வேறு.

இந்த உதாரணத்துக்குப் பைத்தானில் தீர்வு எளிது. 2020-ல் வந்த 3.9 பதிப்பில் ‘ஸோன்இன்ஃபோ’ என்ற தனி வசதி இருக்கிறது. பொதுச் சிலேட்டைத் தொடாமல் ஒவ்வொரு கணக்கும் தன் நேர மண்டலத்தைத் தானே வைத்துக்கொள்ளும். புதிதாக எழுதுபவர்கள் தயங்காமல் அதையே பயன்படுத்தலாம். சிக்கல் எல்லாம் அடித்தளத்தில் இருக்கும் மென்பொருட்களுக்குத்தான்.

சுற்றுச்சுவர் போட்ட ரஸ்ட்டும் தப்பவில்லை

மெமரித் தவறுகளை எழுதும்போதே தடுப்பேன் என்று உறுதி சொல்லும் மொழி ரஸ்ட். அதிலும் இந்த ஓட்டை இருந்தது. சூழல் மாறிகளை மாற்றும் ஃபங்ஷன் ‘பாதுகாப்பானது’ என்ற முத்திரையோடு இருந்தது. அடியில் அது அழைப்பது சி நூலகத்தின் ‘செட்என்வ்’. ஒரு த்ரெட் அதை மாற்றிக்கொண்டிருக்கும்போது வேறொரு த்ரெட் உள்ளூர் நேரம் கேட்டால், சி நூலகம் டிஇசட் மாறியைப் படிக்கப் போய் பாதி மாறிய மெமரியில் கைவைக்கும். புரோகிராம் அங்கேயே விழலாம்.

2020-ம் ஆண்டு வரிசை எண்ணோடு ரஸ்ட்டின் ‘டைம்’, ‘க்ரோனோ’ ஆகிய பிரபலமான இரண்டு நேர நூலகங்களுக்கும் பாதுகாப்பு எச்சரிக்கைகள் பதிவாயின. அந்த நூலகங்களை எழுதியவர்கள் மேல் தப்பு என்று சொல்ல முடியாது. ஓட்டை சி நூலகத்தில். அதைச் சரிசெய்யும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. க்ரோனோ தேர்ந்தெடுத்த மாற்றுவழி, சி நூலகத்தின் லோக்கல்டைமைக் கேட்பதையே விட்டுவிட்டு, நேர மண்டலக் கோப்புகளைத் தானே படித்துக்கொள்வது.

மொழி தன் முத்திரையைத் திருத்திக்கொள்ள இன்னும் காலம் பிடித்தது. 2025 பிப்ரவரியில் வெளியான ‘ரஸ்ட் 2024’ பதிப்பில்தான் அந்த ஃபங்ஷன் ‘பாதுகாப்பற்றது’ என்று குறிக்கப்பட்டது. லினக்ஸின் ஜிலிப்சி நூலகமும் 2025 தொடக்கத்தில் வந்த 2.41 பதிப்பில் சூழல் மாறியைப் படிப்பதை முன்பைவிடப் பத்திரமாக்கியது. எல்லாச் சூழலிலும் அல்ல, கூடுதலான சூழல்களில்.

அப்போ இது யார் பிழை?

நம் முதல் வரிக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள ‘ஃபோர்க்’ என்ற ஒரு விஷயம் தெரிய வேண்டும். யூனிக்ஸ் குடும்பத்து சிஸ்டங்களில் ஒரு புரோகிராம் தன்னைப் போலவே இன்னொரு நகலை உருவாக்குவதுதான் ஃபோர்க். மெமரி முழுக்க நகலாகும். ஆனால் த்ரெட்களில், ஃபோர்க்கை அழைத்த அந்த ஒன்று மட்டும்தான் நகலுக்குள் வரும்.

ஓர் அலுவலகத்தை அப்படியே நகல் எடுக்கிறீர்கள், ஆட்களில் ஒருவரை மட்டும் விட்டு மற்ற எல்லோரையும் தவிர்த்து. நகல் எடுத்த அந்த நொடியில் பீரோ பூட்டியிருந்தது, சாவி வேறொருவர் பையில் இருந்தது. அசல் அலுவலகத்தில் அவர் வந்து திறந்துவிடுவார். நகல் அலுவலகத்தில் அந்த ஆளே கிடையாது. உள்ளே இருக்கும் ஒற்றை ஆள் பீரோ முன்னால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

மேக் கணினிகளில் இந்த ஆபத்து நீண்ட காலமாகவே இருந்தது. எப்போதாவது ஒரு நகல் அசையாமல் நின்றுவிடும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. 2017 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் 10.13, அதாவது ஹை சியேராவில், ஆப்பிள் ஒரு மாற்றம் செய்தது. வேறொரு த்ரெட் பாதி வேலையில் இருக்கும்போது ஃபோர்க் நடந்து, நகல் அந்த வேலையைத் தொட முயன்றால், தொங்கவிடாமல் ஒரு எச்சரிக்கை வாசகத்தோடு உடனே கிராஷ் செய்துவிடும். சத்தமில்லாமல் தொங்குவதைவிடக் கத்திவிட்டு விழுவது மேல் என்ற முடிவு. என்னைக் கேட்டால் சரியான முடிவு.

ஆனால் ரூபியின் பூமா சர்வர், ஆன்சிபிள், பைத்தானின் மல்ட்டிபிராசஸிங் என்று அதுவரை ‘ஓடிக்கொண்டிருந்த’ பலவும் விழ ஆரம்பித்தன. அப்போது கண்டுபிடிக்கப்பட்டதுதான் அந்த நீளமான வரி. கத்துவதை நிறுத்தும் சுவிட்ச். ஆன்சிபிள் தன் ஆவணத்தின் கேள்வி-பதில் பகுதியில் இதைப் பதிவு செய்திருக்கிறது. கிராஷ் ஆகும்போது வரும் எர்ரர் வாசகத்தை முழுசாகக் கொடுத்து, அதன் கீழே இந்த மாற்றுவழியைச் சொல்கிறது. எர்ரரைக் கூகுளில் தேடுபவர் நேராக அங்கே போய்ச் சேர்வார். அங்கிருந்து வரியை மட்டும் காப்பி செய்துகொண்டு வந்தால், சூழல் அங்கேயே தங்கிவிடும்.

தப்பு யாருடையது என்று இப்போது கேளுங்கள். “பல த்ரெட் ஓடும் புரோகிராமில் ஃபோர்க் செய்தால், அடுத்த புரோகிராமை ஏற்றும் வரை மிகச் சில ஃபங்ஷன்களைத்தான் தொடலாம் என்று போசிக்ஸ் விதியே சொல்கிறது. நீங்கள்தான் மீறினீர்கள்” என்பது சிஸ்டம் தரப்பு வாதம். “நாங்கள் எங்கே த்ரெட் திறந்தோம்? உங்கள் நூலகம்தான் எங்களுக்குத் தெரியாமல் பின்னால் திறந்துவிட்டது” என்பது மென்பொருள் தரப்பு. இரண்டுமே உண்மை. 1956-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது பீர்மேடும் தேவிகுளமும் யாருக்கு என்று எழுந்த வழக்கு மாதிரிதான். ஒரு வித்தியாசம், அங்கே கடைசியில் ஒரு கோடு போட்டு முடித்தார்கள். இங்கே கோடு போடும் ஆணையம் எதுவும் கிடையாது.

த்ரெட் பக்குகள் தனி ரகம் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். அவை இரண்டு மென்பொருட்களின் எல்லையில் பிறக்கின்றன. இரு பக்கமும் ‘எங்கள் தவறு இல்லை’ என்று ஆவணம் காட்ட முடியும். எப்போதாவதுதான் தலைகாட்டும் என்பதால் டெஸ்ட்டிங்கில் மாட்டுவதும் அரிது. 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்கா, கனடாவில் சுமார் 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளிய மின்தடையை நினைவிருக்கிறதா? அப்போது ஒஹாயோவின் மின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடிக்காமல் போனதற்குக் காரணம், இரு வேலைகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொட்ட இத்தகைய மோதல். அந்த மென்பொருள் அதற்கு முன் பல இடங்களில் மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் பிரச்னையில்லாமல் ஓடியிருந்தது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆனது.

ஒருமுறை யாரோ இப்படி வாரக்கணக்கில் உட்கார்ந்து கண்டுபிடித்ததை எழுதி வைக்காவிட்டால், அடுத்தவர் அதே வாரங்களை மறுபடி செலவழிக்க வேண்டும். அல்லது காரணம் தெரியாமல் ‘இது எதுக்கு, தேவையில்லாம இருக்கே’ என்று அந்த வரியை நீக்கிவிடுவார். மூன்று மாதம் கழித்து, இரவு 2 மணிக்கு, ஆன்-காலில் இருப்பவருக்குப் போன் வரும்.

ஒராங்குட்டான் சொன்ன சேதி

நன்றாக எழுதி வைத்தவர்களும் இருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை மேக்கில் நிறுவிய சிலர், “தொடங்கும்போதே பல த்ரெட் ஆகிவிட்டது” என்ற எர்ரரையும், கூடவே “எல்சி_ஆல் மாறியில் சரியான மொழி அமைப்பைப் போடவும்” என்ற குறிப்பையும் பார்த்திருப்பார்கள். டேட்டாபேஸ் தொடங்குவதற்கும் மொழி அமைப்புக்கும் என்ன சம்பந்தம்? கிண்டல் மாதிரி இருக்கும்.

சம்பந்தம் இதுதான். மொழி அமைப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை என்றால், மொழிபெயர்ப்புக்கு உதவும் நூலகம் ‘பயனருக்கு எந்த மொழி பிடிக்கும்?’ என்று மேக்ஓஎஸ்ஸிடம் கேட்கிறது. பதில் சொல்லும் சாக்கில் மேக்ஓஎஸ் ஒரு த்ரெட்டைத் திறந்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் தலைமைப் பிராசஸ், தான் ஒரே த்ரெட்டில் ஓடுவதாக நம்பி ஃபோர்க் செய்துகொண்டே இருக்கும் அமைப்பு. அந்த நம்பிக்கை உடைந்தால் அதன் உள் பட்டியல்கள் சிதையும்.

போஸ்ட்கிரெஸ் தன் சோதனைக் கணினிகளுக்கு விலங்குகளின் பெயர் வைப்பது வழக்கம். ‘ஒராங்குட்டான்’ என்ற கணினியில் இந்தச் சிதைவு தென்பட்டது. 2015 ஜனவரியில் சேர்க்கப்பட்ட திருத்தம் செய்தது இரண்டு விஷயம். ஒன்று, த்ரெட் திறந்துவிட்டதா என்று சோதித்து, ஆமென்றால் பயனருக்குச் சொல்வது, தீர்வோடு சேர்த்து. இன்னொன்று, அந்தச் சோதனை ஏன் அங்கே இருக்கிறது என்பதை, எந்த ஃபங்ஷன் எந்தச் சூழலில் த்ரெட்டைத் திறக்கிறது என்பது வரை, கோடின் அருகிலேயே கமெண்டாக எழுதுவது. விண்டோஸில் இது ஏன் பிரச்னையில்லை என்பதுகூட ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கும் முழுக் கதையும் அந்த ஒரே பத்தியில் கிடைக்கும்.

ஆனால் இந்த வகையில் நான் பார்த்ததிலேயே சிறந்தது எஸ்க்யூலைட்டுடையது.

ஆண்ட்ராய்டோ ஐபோனோ, உங்கள் போனில் எஸ்க்யூலைட் இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல்கள் சேமிக்கப்படுவதும் அதில்தான். அதன் யூனிக்ஸ் பகுதிக்கான கோடில், கோப்புகளைப் பூட்டுவது பற்றி ஒரு நீண்ட கமெண்ட் உண்டு. போசிக்ஸ் விதிப்படி, ஒரே புரோகிராமுக்குள் ஒரு கோப்பை இரண்டு முறை திறந்து, அதில் ஒன்றை மூடினால், அந்தப் புரோகிராம் அந்தக் கோப்பின்மேல் வைத்திருந்த எல்லாப் பூட்டுகளும் கழன்றுவிடும். ஒரு த்ரெட் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு த்ரெட் மூடினால் போதும், பாதுகாப்பு காலி. இது பிழைகூட இல்லை, விதியே அப்படி. எஸ்க்யூலைட் போசிக்ஸ் பூட்டு விதிகளைப் பற்றிப் பேசும்போது 1996 தர ஆவணத்தின் பிரிவு, வரி எண்கள்வரை குறிப்பிட்டு, அந்தப் பூட்டு முறை வடிவமைப்பிலேயே கோளாறு என்று நேரடியாகச் சொல்கிறது. அதற்கான மாற்றுவழி, மற்ற பூட்டுகள் விடுபடும் வரை மூடுவதையே தள்ளிப்போடுவது.

அதன் கீழே இன்னொரு கதை. பழைய லினக்ஸ் பதிப்புகளில் ‘லினக்ஸ்த்ரெட்ஸ்’ என்ற அமைப்பு இருந்தது. அதில் ஒரு த்ரெட் போட்ட பூட்டை அதே புரோகிராமின் வேறு த்ரெட் மாற்ற முடியாது. பின்னால் வந்த என்பிடிஎல் அமைப்பில் முடியும். ஒரு கணினியில் எது இருக்கிறது என்பது புரோகிராமைத் தயாரிக்கும்போது தெரியாது, ஓடும்போது சோதித்துத்தான் அறிய வேண்டும். எஸ்க்யூலைட் பல வருடம் அப்படிச் சோதித்தது. 2010-ல் வந்த 3.7.0 பதிப்பில் அந்த ஆதரவை நிறுத்தியது.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. கோடை நீக்கியவர்கள் குறிப்பை நீக்கவில்லை. எந்தப் பதிப்போடு ஆதரவு முடிந்தது, இன்னமும் பழைய சிஸ்டத்தில் ஓட்ட வேண்டுமானால் எந்த இரண்டு நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஒரு மாற்றுவழியின் பிறப்பு, வாழ்வு, இறப்பு மூன்றும் ஒரே இடத்தில்.

தனி மென்பொருளைத் தாண்டி, ஜிஎன்யு திட்டத்தின் ‘ஜினுலிப்’ கையேடு இதையே பெரிய அளவில் செய்கிறது. போசிக்ஸ் ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எந்த சிஸ்டத்தின் எந்தப் பதிப்பில் அது எப்படிச் சொதப்பும், ஜினுலிப் அதில் எதைச் சரிசெய்கிறது, எதைச் சரிசெய்யவில்லை என்று வரிசையாக எழுதியிருக்கும். கதை மாதிரி படிக்க முடியாது. ஆனால் வேறு சிஸ்டத்துக்கு மென்பொருளைக் கொண்டுபோகிறவர்களுக்கு முதலில் திறக்க வேண்டிய ஆவணம்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

“மேக்ல கிராஷ் ஆகுது. இதை எடுக்காதீங்க.” நம்ம ஊர் ரெப்போக்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இந்த வகை. எடுக்கக் கூடாது என்பது தெரிகிறது. எப்போது எடுக்கலாம் என்பது தெரியவில்லை. ஆகவே யாரும் எடுக்க மாட்டார்கள், எப்போதுமே.

அதே இடத்தில் இப்படி எழுதலாம்: “மேக்ஓஎஸ் 10.13 முதல், த்ரெட் ஓடும்போது ஃபோர்க் செய்தால் குழந்தைப் பிராசஸ் கிராஷ் ஆகிறது. எர்ரர் வாசகம் கீழே. காரணம், ப்ராக்ஸி விவரம் கேட்கும்போது சிஸ்டம் நூலகம் த்ரெட் திறப்பது. இந்த வரி எச்சரிக்கையை மட்டும் அணைக்கிறது, தொங்கும் ஆபத்து தொடர்கிறது. டெவலப்பர் லேப்டாப்பில் மட்டும் போடவும், புரொடக்‌ஷனில் வேண்டாம். ஸ்பான் முறைக்கு மாறியதும் நீக்கிவிடலாம்.” ஆறு வாக்கியம். எழுத ஐந்து நிமிடம்.

இதில் மிக முக்கியம் எர்ரர் வாசகத்தை எழுத்து மாறாமல் போடுவது. அடுத்து மாட்டிக்கொள்பவர் தேடப்போவது அதைத்தான், உங்கள் விளக்கத்தை அல்ல. ஸ்கிரீன்ஷாட் ஒட்டினால் தேடலில் வராது. பதிப்பு எண் இல்லாத குறிப்பும் சீக்கிரமே பயனற்றுப் போகும். சிஸ்டம் தரப்பில் பிழையைப் பதிவு செய்திருந்தால் அந்த எண்ணையும் சேர்க்க வேண்டும். பலர் இந்த இடத்தில் சோம்பல்படுகிறோம், ‘ஆப்பிளாவது நமக்குப் பதில் சொல்றதாவது’ என்று. பதில் வராமல் போகலாம். ஆனால் அதே எண்ணை வைத்து இன்னொரு புராஜெக்ட்காரர், இது தனக்கு மட்டும் நடப்பதில்லை என்று தெரிந்துகொள்வார்.

கமெண்டில் எழுதுவதா, தனி ஆவணத்திலா? த்ரெட் விஷயத்தில் என் ஓட்டு கமெண்டுக்கு. விக்கிப் பக்கத்தில் எழுதியதை, கோடை நீக்கப்போகிறவர் பார்க்க மாட்டார். நீக்கப்போகும் வரிக்கு மேலேயே இருந்தால் பார்த்தே ஆக வேண்டும். பயனர் தன் கணினியில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால் மட்டும், போஸ்ட்கிரெஸ் போல எர்ரர் வாசகத்திலேயே தீர்வையும் சொல்லிவிடுவது நல்லது.

ஏன் இப்போது?

பைத்தானில் ‘கில்’ என்று ஒரு பெரிய பூட்டு இருந்துவந்தது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும்தான் பைத்தான் கோடை ஓட்ட முடியும் என்று அது கட்டுப்படுத்தியது. வேகத்துக்குத் தடை என்று எல்லோரும் திட்டிய அதே பூட்டு, பல நூலகங்களின் சிலேட்டுப் பிரச்னைகளை வெளியே தெரியாமல் மூடியும் வைத்திருந்தது. அதை நீக்கும் சாம் கிராஸின் முன்மொழிவு 2023-ல் ஏற்கப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் பரிசோதனையாகவும், 2025 அக்டோபரில் வந்த 3.14-ல் அதிகாரபூர்வ ஆதரவோடும் கில் இல்லாத பைத்தான் கிடைக்கிறது. இன்னும் கட்டாயமில்லை, விரும்புபவர்களுக்கு மட்டும். ஆனால் மூடி திறந்தாகிவிட்டது. இதுவரை ‘எங்ககிட்ட வேலை செய்யுதே’ என்று இருந்த பல நூலகங்கள் தங்கள் மாற்றுவழிகளைத் தூசி தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். காரணம் எழுதப்படாத வரி ஒவ்வொன்றும் அங்கே ஒரு புதிர்.

ஃபோர்க் பக்கமும் மாற்றம் வந்துவிட்டது. மேக்கில் 2019-ல் வந்த பைத்தான் 3.8 முதலே மல்ட்டிபிராசஸிங், ஃபோர்க்கை விட்டுப் புதிதாகத் தொடங்கும் ‘ஸ்பான்’ முறைக்கு மாறிவிட்டது. 3.12 பதிப்பில், பல த்ரெட் ஓடும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கை வரத் தொடங்கியது. 3.14-ல் லினக்ஸிலும் இயல்பு முறை ஃபோர்க் அல்ல, ‘ஃபோர்க்சர்வர்’.

சரி, என் லேப்டாப்பில் அந்த வரி இருக்கிறது. எடுத்துவிடலாமா?

பைத்தான் 3.8-க்கு மேல், மல்ட்டிபிராசஸிங்கை இயல்பு முறையில் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பெரும்பாலும் அது தேவைப்படாது. எடுத்துவிட்டு உங்கள் டெஸ்ட்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆன்சிபிளோ, ரூபியில் ஃபோர்க் செய்யும் சர்வரோ ஓட்டுகிறீர்கள் என்றால் கிராஷ் திரும்ப வரலாம். வந்தால், அந்த எர்ரர் வாசகத்தை முழுசாகக் காப்பி செய்து, மேக்ஓஎஸ் பதிப்பு எண்ணோடும் இன்றைய தேதியோடும் அந்த வரிக்கு மேலே ஒட்டிவிட்டு, வரியைத் திரும்பப் போடுங்கள். டீமின் செட்டப் குறிப்பிலும் அதையே மாற்றிவிடுங்கள். அடுத்த வாரம் சேரப்போகிற ஃப்ரெஷர் காப்பி செய்யப்போவது அங்கிருந்துதான்.